முகம் வைக்காத சிப்பாய்

ஏலகிரி மலைமேல் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். அவர் பெண். பெயர் வேதவல்லி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அருங்காட்சியகங்களுக்குப் பழைய போர்க்களங்களைச் சின்ன அளவில் செய்து கொடுப்பது அவர் தொழில். கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், அதற்கேற்ற குதிரைகள், பீரங்கிகள், கோட்டைச் சுவர்கள்.

சனிக்கிழமைகளில் அவரிடம் கற்றுக்கொள்ள ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் பெங்களூரில் கணினி வேலை பார்க்கிறவர்கள். ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பார்கள், வர்ணம் தீட்டுவார்கள், பிறகு பெரிய மேஜையில் இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து, என்றோ முடிந்துபோன போரை மறுபடி நடத்துவார்கள். அவர்கள்தான் முதலில் விளையாட்டாகக் ‘குரு’ என்று கூப்பிட்டது. நாளடைவில் விளையாட்டுப் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வீட்டில் இரண்டு விதிகள் உண்டு.

ஒரே கைதான் இரண்டு படையையும் செய்ய வேண்டும். தன் படையை மட்டும் ஆசையாகச் செய்துகொண்டு, எதிரியைக் கடையில் வாங்கி வருகிறவருக்கு அந்த மேஜையில் இடமில்லை.

இன்னொன்று, ஒவ்வொரு சிப்பாயையும் இரண்டு முறை செய்ய வேண்டும். நிற்கிறவனாக ஒன்று, விழுந்து கிடக்கிறவனாக ஒன்று. அதே முகம், அதே உடுப்பு. ஆட்டத்தில் ஒருவன் விழுந்தால் அவனை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுப் போக முடியாது. நின்ற இடத்தில் கிடக்கிறவனை வைக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை அவன் அங்கேதான் கிடப்பான்.

வேலை இரட்டிப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டதுமே நல்ல பிள்ளையாக மலையிறங்கிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை கோதண்டம் வந்தார். ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். குருவைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர். இருந்தும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கற்றுக்கொள்ள வந்தவர் நிற்கிற மாதிரிதான் நின்றார்.

“எந்தப் போர் ஐயா செய்யணும்?” என்று குரு கேட்டார்.

“பெரிய போர்ல ஒரு சின்ன சண்டை அம்மா. புஸ்தகத்துல வராது. பனி மலை. மேட்டு மேல பங்கர்ல அவங்க. கீழ பாறைக்குப் பின்னால நாங்க பத்து பேர்.”

“நாங்கன்னா?”

“நான் அப்போ ஹவில்தார். அவங்க என் செக்‌ஷன் பசங்க.”

எந்த எல்லை, எந்த வருஷம் என்று அவர் சொல்லவில்லை. குருவும் கேட்கவில்லை.

“இங்க பழைய சரித்திரம்தான் செய்வாங்கன்னு சொன்னாங்க,” என்றார் கோதண்டம் தயங்கி. “இது அவ்வளவு பழசு இல்ல.”

“செத்தவங்க இருக்காங்களா?”

“ஒருத்தர்.”

“அப்போ சரித்திரம்தான். உக்காருங்க. எதுக்காகச் செய்யணும்?”

கோதண்டம் உட்கார்ந்தார். கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பழகிய கதை இல்லை அது. வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

“ஏசுபாதம்னு ஒருத்தன். பாறைக்கும் மேட்டுக்கும் நடுவுல வெட்டவெளி. யாராவது ஒருத்தன் முதல்ல ஊர்ந்து போய் பங்கருக்குள்ள குண்டு போட்டாதான் மத்தவங்க ஏற முடியும். நான் அவனைக் கூப்பிட்டேன். போனான். குண்டு போட்டான். திரும்பி வரல. மேட்டைப் பிடிச்சோம். எனக்கு மெடல் கொடுத்தாங்க.”



“பெட்டியோட நான்தான் அவன் ஊருக்கு வந்தேன். ஆம்பூர் பக்கம். கல்லறைத் தோட்டத்துல அவங்கம்மா என் சட்டைக் கையைப் பிடிச்சு, ‘வேற ஆளே இல்லையாப்பா?’ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அழக்கூட இல்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் அந்த ஊர்ப் பக்கமே போகல. இப்போ அந்தம்மா ஞானம்மாளுக்கு எண்பது தாண்டிடுச்சு. படுத்த படுக்கை. இன்னமும் கேக்கறாங்களாம், அந்த ஹவில்தாரு வந்தாரான்னு. அவங்க கண்ணை மூடறதுக்குள்ள போய் பதில் சொல்லணும். ஆள் இருந்துச்சா, வேற வழி இருந்துச்சான்னு எனக்கே தெரியாம இன்னா சொல்றது? அந்த மேட்டை மேஜையில வச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்னு நினைக்கறேன்.”

“அவங்க கேக்கறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“பலராமன். அவனும் அந்தப் பத்து பேர்ல ஒருத்தன். மாசாமாசம் போய் அந்தம்மாவைப் பார்த்துட்டு வருவான். அவன்தான் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தான். வெளியே இருக்கான்.”

“உள்ளே வரச் சொல்லலாமே.”

“சொன்னேன். இந்தப் பொம்மை வெளாட்டு அவனுக்கு ஆகாதாம்.”

ஜன்னல் வழியே குரு பார்த்தார். பலாமரத்தடியில் ஒரு பழைய கார் நின்றது. குள்ளமான ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“செய்யுங்க,” என்றார் குரு.

கோதண்டம் முதலில் தன் படையைச் செய்தார். இரண்டு பசைகளைச் சேர்த்துப் பிசைந்தால் ஒரு மாவு வரும். மூன்று நான்கு மணி நேரம் சொன்னபடி கேட்கும், பிறகு கல்லாகிவிடும். அந்த நேரத்துக்குள் உருவத்தைப் பிடித்துவிட வேண்டும். துப்பாக்கி பிடித்துத் தடித்த விரல்கள் ஆரம்பத்தில் படாத பாடு பட்டன. மூக்கு வைத்தால் காது போகும், காதைச் சரிசெய்தால் தலை சாயும். பெங்களூர்க்காரர்கள் அவருக்குத் தெரியாமல் சிரித்தார்கள். சில வாரங்களில் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பின்னால் வந்து நின்று பார்க்கத் தொடங்கினார்கள்.

ஏனென்றால் அந்தப் பத்துப் பேரும் ஆளாக வந்தார்கள். ஒருவன் கழுத்தில் வீட்டிலிருந்து வந்த மப்ளர். ஒருவனுக்குத் தாடையில் அம்மைத் தழும்பு. ஒருவன் எப்போதும் இடுப்பில் டார்ச் லைட்டைச் செருகியிருப்பான், அந்த டார்ச் லைட்டும் வந்தது. அவர்களைச் செய்கிறபோது கோதண்டம் ஹிந்தியிலும் தமிழிலும் தனக்குள்ளே யாரையோ திட்டிக்கொண்டும் கொஞ்சிக்கொண்டும் இருந்தார்.

குரு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றில் கை நின்றது.

“இவர் யாரு?”

“பலராமன்.”

“எல்லாரும் துப்பாக்கியை நீட்டிக்கிட்டு இருக்காங்க. இவர் மட்டும் ஏன் குனிஞ்சிருக்கார்?”

கோதண்டம் பொம்மையை வாங்கிப் பார்த்தார். “பூட்ஸ் லேஸைக் கட்டறான். அப்படித்தான் ஞாபகம்.”

“இது?”

“ஏசுபாதம்.”

“எதிரி மேல இருக்கான். இவர் ஏன் கழுத்தைத் திருப்பிப் பின்னால பார்க்கறார்?”

“கை அப்படி வந்துடுச்சு அம்மா. மாத்திடட்டா?”

“வேண்டாம். கை வந்த மாதிரியே இருக்கட்டும்.”

பிறகு எதிரிப் படை.

“அந்தப் பக்கம் எத்தனை பேர்?” என்று குரு கேட்டார்.

“பங்கருக்குள்ள எட்டு பேர் கிடந்தாங்க.”

“கிடந்தாங்கன்னா?”

“செத்து.”

“செத்தது ஒருத்தர்னு சொன்னீங்க.”

கோதண்டம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்று சீக்கிரமே கிளம்பிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு எதிரியைச் செய்து, அச்செடுத்து, அதே அச்சில் எட்டுப் பேரை மளமளவென்று வார்த்துக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். எட்டும் ஒன்றுபோல் இருந்தன.

குரு பார்த்தார். “எட்டு பேரும் ஒரே முகமா இருக்காங்க.”

“எதிரிதானே அம்மா. பனி வேற. முகம் தெரியல.”

“பங்கருக்குள்ள போனப்போ?”

“அப்பவும் பார்க்கல. பார்க்கக் கூடாதுன்னுதான் பார்க்கல.”

குரு எட்டுப் பேரையும் அள்ளினார். உருக்கும் கரண்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். தலைகள் முதலில் சாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் கரண்டியில் பளபளவென்று ஈயம் மட்டும் இருந்தது.

“திரும்பச் செய்யுங்க,” என்றார். “எட்டு முகம்.”

“முகத்துக்கு எங்க போறது அம்மா?”

“முகத்துக்கா பஞ்சம்?”

கோதண்டம் கோபமாகத்தான் மலையிறங்கினார். வழியில் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பலராமன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ரயில்கள் வந்தன, போயின. கோதண்டம் முகங்களைப் பார்த்தார். பல் இல்லாமல் சிரித்த பூக்காரர், பெட்டி தூக்குகிறவர், கோபத்திலேயே பிறந்தது போன்ற ஒரு டிக்கெட் பரிசோதகர், மனைவியைத் தேடி ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்த ஒரு புது மாப்பிள்ளை. எட்டு முகம் சேர்ந்ததும் எழுந்தார்.

அப்படியாகப் பனி மேட்டின்மேல் டிக்கெட் பரிசோதகர் மெஷின் கன்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புது மாப்பிள்ளை அவருக்குத் தோட்டா எடுத்துக் கொடுத்தான். குரு அதைப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

இரண்டாவது விதி வந்தது. எதிரிகள் எட்டுப் பேரையும் விழுந்து கிடக்கிறவர்களாகச் செய்ய கோதண்டத்துக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. ஏசுபாதத்தையும் செய்தார். அவன் எப்படிக் கிடந்தான் என்று அவருக்குத் தெரியும். ஒரு கை மார்புக்கடியில், ஒரு கால் மடங்கி. செய்து முடித்துவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“மத்த ஒன்பது பேர்?” என்றார் குரு.

“அவங்க சாகலியே அம்மா.”

“விதி எல்லாருக்கும்தான்.”

“அதுல நானும் ஒருத்தன். பலராமன் ஒருத்தன், அதோ வெளியே உக்காந்திருக்கான். உயிரோட இருக்கறவனைப் பொணமாப் பண்றது அபசகுனம். மன்னிச்சுக்கோங்க. என்னால ஆகாது.”

 குரு அடுப்படியிலிருந்து ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

“யாராவது விழுந்தா ஒரு குச்சியை வைங்க. இப்போதைக்கு.”

மேஜைமேல் மேடு எழுந்தது. தெர்மகோலை அறுத்துப் பாறை செய்து, சமையல் சோடாவைத் தூவிப் பனி பெய்ய வைத்தார்கள். பாறைக்குப் பின்னால் பத்துப் பேர். மேலே எட்டுப் பேர். எதிரிப் படையைக் குருவே நடத்தினார். விட்டுக்கொடுத்து ஆடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

முதல் ஆட்டம் நடந்தது நடந்தபடி. ஏசுபாதம் போனான், விழுந்தான், மேடு கைக்கு வந்தது. கோதண்டம் அந்த இடத்தில் மடங்கிய காலோடு இருந்தவனை வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் தேட ஆரம்பித்தார். இருட்டும்வரை காத்திருந்து பார்த்தார். அதற்குள் மேட்டுக்கு அப்பாலிருந்து பீரங்கிக் குண்டு வந்து பாறையோடு நான்கு பேரைக் கொண்டுபோயிற்று. நான்கு குச்சிகள். வலது பக்கச் சரிவில் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிப் பார்த்தார். ஏழு குச்சிகள். பின்வாங்கிப் பார்த்தார். வெட்டவெளியில் முதுகைக் காட்டியதில் அவருடைய பொம்மையே விழுந்தது. தனக்கென்று ஒரு குச்சியை வைத்தபோது மட்டும் லேசாகச் சிரித்தார்.

எந்த ஆட்டத்திலும் ஏசுபாதத்தை அவர் முன்னால் விடவில்லை. பாறையின் தடித்த பக்கத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். மற்றவர்கள் விழ விழ, அவன் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி நின்றான். குரு இதைக் கவனித்தார்.

பலாப்பழக் காலம் முடிந்தது. மலையில் மதியத்திலேயே மூடுபனி இறங்குகிற நாட்கள் வந்தன. ஞானம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று பலராமன் சேதி கொண்டுவந்தார்.  பதில் இல்லாமல் எப்படிப் போவது என்ற பயமும், பதில் கிடைப்பதற்குள் அந்த அம்மாள் போய்விடுவாளோ என்ற பயமும் சேர்ந்து கோதண்டத்தைத் தூங்க விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் குனிந்திருந்த பலராமனை எடுத்து வெட்டவெளியில் வைத்தார்.

பலராமன் குள்ளம். பாறை நிழலை ஒட்டியே ஊர்ந்தான். டிக்கெட் பரிசோதகர் சுட்டார். பகடை தப்பியது. மறுபடி சுட்டார், மறுபடி தப்பியது. பலராமன் பங்கரின் வாய்க்குப் போய்விட்டான். குண்டு உள்ளே விழுந்தது. அதே சுற்றில் புது மாப்பிள்ளையின் துப்பாக்கி அவனைப் பிடித்தது. கோதண்டம் ஒரு குச்சியை எடுத்து வைத்துவிட்டு, மற்ற எல்லோரையும் மேலே ஏற்றினார். எட்டு எதிரிகளும் விழுந்தார்கள். ஒவ்வொருவரையும் எடுத்து, கிடக்கிறவனை வைத்துக்கொண்டே போனார். மேடு கைக்கு வந்தது.

ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தான்.

 கோதண்டத்துக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. “இருந்துச்சு அம்மா! வழி இருந்துச்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அதை அந்தம்மா காலைப் பிடிச்சுச் சொல்லிடறேன். சொல்லிட்டா போதும் எனக்கு.”

“எத்தனை பேர் விழுந்தாங்க?”

“ஒருத்தர்! ஒரே ஒருத்தர்!”

குரு மேட்டைப் பார்த்தார். கோதண்டமும் பார்த்தார். டிக்கெட் பரிசோதகர் மெஷின் கன்மேல் கவிழ்ந்து கிடந்தார். புது மாப்பிள்ளை வாய் திறந்தபடி மல்லாந்து கிடந்தான். எல்லாம் அவர் கை பிடித்த முகங்கள்.

“ஒன்பது,” என்றார் கோதண்டம். குரல் இறங்கிவிட்டது.

“இந்தக் குச்சி யாரு?”

வெளியே பலாமரத்தடியில் யாரோ இருமினார்கள். கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“பலராமன்,” என்றார்.

குரு குச்சியை எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு பசைகளையும் பிசைந்து, மாவைக் கோதண்டத்தின் முன்னால் வைத்தார்.

“ஆட்டம் இன்னும் முடியல ஐயா. விழுந்தவரைப் படுக்க வைக்கணும்.”

கோதண்டம் மாவைக் கையில் எடுத்தார். மறுக்கவில்லை. பூட்ஸிலிருந்து ஆரம்பித்தார். பிறகு குட்டையான கால்கள். தோள். தோளில் கிடக்கிற வார். நீட்டிய கை. விரல்கள் இப்போது நன்றாகப் பழகியிருந்தன, எதுவும் பிசகவில்லை. தலையை உருட்டி வைத்தார். அதோடு முகம் செதுக்கும் ஊசி நின்றுவிட்டது.



“முகம் வரல அம்மா.”

“வாராவாரம் பார்க்கற முகம்தானே.”

“அதனாலதான் வரல.”

குரு மேஜையிலிருந்து இரண்டு பொம்மைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். குனிந்திருக்கிற பலராமன். கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற ஏசுபாதம். அருகருகே வைத்ததும்தான் தெரிந்தது, ஏசுபாதம் பார்க்கிற இடத்தில் ஹவில்தார் நிற்க வேண்டும்.

“அன்னிக்கு ஏன் இவரைக் கூப்பிட்டீங்க?”

கோதண்டம் இரண்டையும் பார்த்தார். இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லாதது, தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளாதது, அப்போது வந்தது.

“நான் பலராமனைத்தான் கூப்பிட இருந்தேன். குள்ளமானவன், நல்லா ஊர்ந்து போவான். வாயெடுத்தப்போ அவன் குனிஞ்சு லேஸைக் கட்டிக்கிட்டிருந்தான். ஏசுபாதம் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். பார்த்துக்கிட்டிருந்தானேன்னு அவன் பேரைச் சொல்லிட்டேன். அவ்வளவுதான் அம்மா. வேற காரணமே இல்ல. இதை எப்படி அந்தம்மாகிட்ட சொல்றது?”

“லேஸ் அவுழல சாப்.”

பலராமன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். மூடுபனி இறங்குகிறது, நேரமானால் வளைவுகளில் வண்டி ஓட்ட முடியாது, கிளம்பலாம் என்று சொல்ல வந்தவர். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றியிருந்தார்.

“நல்லா இறுக்கித்தான் கட்டியிருந்துச்சு,” என்றார். “நீங்க என் பக்கம் திரும்பறதைப் பார்த்தேன். குனிஞ்சுட்டேன்.”

 பலராமன் உள்ளே வந்து, மேஜைமேல் குனிந்திருந்த அந்தக் கட்டைவிரல் உயர மனிதனைப் பார்த்தார். தொடவில்லை.

கோதண்டத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனவன் முகத்தை இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார்.

“மாசாமாசம் போறியேடா,” என்றார் கடைசியில். “அந்தம்மாகிட்ட சொன்னியா?”

“ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் சாப் போறேன். போனா, ‘வாப்பா, சாப்ட்டியா?’ன்னு கேக்கறாங்க. பழத்தைக் கொடுத்துட்டு வந்துடறேன்.”

கோதண்டம் குருவின் பக்கம் திரும்பினார். கையில் இருந்த மாவுச் சிப்பாய் முகமில்லாமல் கிடந்தான்.

“ஆள் இருந்துச்சு அம்மா. இதோ நிக்கறான். இப்போ நான் அவங்ககிட்ட இன்னா பதில் சொல்றது?”

குரு அவர் கையிலிருந்து அந்தச் சிப்பாயை மெதுவாக வாங்கினார். ஒரு தகர மூடியில் கிடத்தினார். மூடியைப் பலராமனின் உள்ளங்கையில் வைத்தார். முகம் செதுக்கும் ஊசியைத் துடைத்து, கோதண்டத்தின் சட்டைப் பையில் செருகினார்.

“மாவு காய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள ஆம்பூர் போயிடலாம்,” என்றார். “ரெண்டு பேரும் நடந்ததைச் சொல்லுங்க. முகம் யாரோடதுன்னு அந்தம்மாவே சொல்லட்டும்.”